பொட்டலம் கட்டுகிறவர்கள்

"ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கேட்பது?"

2002இல், புனேயில் நான் வேலை பார்த்த கல்லூரியின் பிரின்சிபால் கேட்ட கேள்வி இது. மராத்திக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். எதையும் ஒரே வரியில் கேட்டு முடித்துவிடுவார். லேபில் இருந்த 30 கம்ப்யூட்டர்களிலும் டெபியன் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட அனுமதி கேட்டு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். விலை கிடையாது என்றேன். சந்தோஷப்பட்டார். எந்தக் கம்பெனி என்றார். கம்பெனி கிடையாது என்றேன். அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உலகம் முழுக்க ஆயிரம் பேர் பார்த்துக்கொள்கிறார்கள் சார்" என்றேன், கொஞ்சம் ஜம்பமாகவே. "ஆயிரம் பேர் என்றால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம்" என்றார் அவர். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். என் வாதத்தில் மயங்கி அல்ல. பட்ஜெட்டில் பணம் இல்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்க எனக்கு 22 வருடங்கள் ஆயின.

அதற்கு முன்பு நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் என் ஜம்பத்தின் காரணம் புரியும். லினக்ஸ் அப்போதும் இலவசம்தான். ஆனால் புதிதாக ஒரு சாஃப்ட்வேரைச் சேர்ப்பது கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரியான வேலை. பெரியப்பாவைக் கூப்பிட்டால் அத்தையைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. அத்தை வந்தால் அவருடைய சம்பந்தி வீட்டாரும் வர வேண்டும். சம்பந்தி வீட்டாரும் சின்ன மாமாவும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். சாஃப்ட்வேரும் அப்படித்தான். நமக்குத் தேவையான ஒன்றை நிறுவப் போனால், அது இன்னொன்றைக் கேட்கும். அதைத் தேடிப் பிடித்துப் போட்டால், அது வேறு இரண்டைக் கேட்கும். கடைசியில் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று படுத்துவிடும். சனிக்கிழமை மதியம் லேபுக்குள் போய், ஞாயிறு ராத்திரி எதையும் நிறுவாமல் வெளியே வந்திருக்கிறேன். வீட்டில் கேட்டால் சொல்லவும் வெட்கமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் டெக்கான் க்வீனைப் பிடித்து பம்பாய் லாமிங்டன் ரோடுக்குப் போனேன். ஒரு மாடிப்படியின் கீழ் கடை வைத்திருந்த பையன் ஒரு கட்டு சி.டி.க்களை ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தான். டெபியனின் 3.0 பதிப்பு. ஜூலையில்தான் வெளியாகியிருந்தது. திங்கட்கிழமை லேபில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி டைப் செய்தேன். ஆப்ட்-கெட் இன்ஸ்டால், பிறகு எனக்கு வேண்டிய சாஃப்ட்வேரின் பெயர். அவ்வளவுதான். அதற்கு வேறு என்னென்ன வேண்டும் என்று அதுவே பட்டியல் போட்டது. சம்மதமா என்று கேட்டது. தலையாட்டியதும் இந்த சி.டி.யைப் போடு, அந்த சி.டி.யைப் போடு என்று வாங்கிக்கொண்டு, எதை முதலில் பிரிப்பது, எதைப் பிறகு பிரிப்பது என்று பார்த்து எல்லாவற்றையும் உட்காரவைத்துவிட்டது. நான் டீ குடித்துவிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது.

பேக்கேஜ் என்ற சொல்லுக்கு என் மனதில் பொட்டலம் என்றுதான் பெயர். சாஃப்ட்வேர் எழுதுகிறவர் ஒருவர். அதைப் பொட்டலம் கட்டுகிறவர் பெரும்பாலும் வேறொருவர். பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பெயர், பதிப்பு எண், இது ஓட வேறு எவையெல்லாம் வேண்டும், எவற்றோடு இதற்கு ஒத்துவராது என்ற விவரங்கள். கூடவே, கட்டியவரின் பெயரும் ஈமெயில் முகவரியும். இந்தச் சீட்டுகளைப் படித்து, பத்திரிகை வைக்கும் வேலையை நமக்காகச் செய்வதுதான் ஆப்ட். சீட்டில் எழுதியிருப்பது சரியாக இருந்தால்தான் ஆப்ட்டின் சாமர்த்தியம் பலிக்கும். அந்தச் சீட்டை எழுதுவது மனிதர்கள். அதுவும் சம்பளம் வாங்காமல், தங்கள் ராத்திரிகளில்.

இதை ஆரம்பித்தவர் ஒரு கல்லூரி மாணவர். 1993 ஆகஸ்ட் 16 அன்று, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டாக் தன் திட்டத்தை அறிவித்தார். வயது 20. அன்று கிடைத்த லினக்ஸ் தொகுப்பு ஒன்று ஓட்டையும் உடைசலுமாக இருந்ததில் அவருக்குக் கோபம். ஒருவரே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழுவதைவிட, ஆளுக்கு ஒரு பொட்டலமாகப் பலர் சேர்ந்து பார்த்துக்கொண்டால் என்ன என்பது அவர் யோசனை. தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். 1996 ஜூனில் வந்த 1.1 பதிப்பில் 474 பொட்டலங்கள். ஆப்ட் 1999 மார்ச்சில் வெளியான 2.1 பதிப்போடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் 64,419 பொட்டலங்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 69,830.

இந்த எண்ணிக்கையில் பாதிக் கதைதான் இருக்கிறது. 2004இல் உபுண்டு டெபியனிலிருந்து கிளைத்தது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட லினக்ஸ் டெபியனிலிருந்து பிறந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படித்தான். அந்த வேலையில் சென்னைக்கு முக்கியப் பங்கு உண்டு. 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் லேப்டாப்கள்கூட டெபியனுக்கு மாறின. டெபியனை நிறுவத் தொடங்கும்போது எந்த மொழி என்று கேட்கும் பட்டியலில் தமிழும் இருக்கிறது. புனேயில் உட்கார்ந்து முதன்முதலில் அதைப் பார்த்தபோது, எந்தப் புண்ணியவான் ராத்திரி கண்விழித்து இதை மொழிபெயர்த்தாரோ என்று தோன்றியது. அவருக்கு ஒரு வரி நன்றி எழுத வேண்டும் என்றும் தோன்றியது. எழுதவில்லை.

இப்படி முகம் தெரியாதவர்கள் கட்டியனுப்பும் பொட்டலத்தை நம்பிப் பிரிப்பது எப்படி? டெபியன் அதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. உறுப்பினராக விரும்புகிறவரிடம் ஒரு டிஜிட்டல் சாவி இருக்க வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் அவரை நேரில் சந்தித்து, பாஸ்போர்ட் போன்ற ஒன்றை வாங்கிப் பார்த்து, ஆமாம், இவர் இவர்தான் என்று அந்தச் சாவியில் கையொப்பமிட வேண்டும். உலகத்தையே கம்பிவழி இணைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தொழிலில், கடைசியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறகும் உடனே சேர்த்துக்கொள்வதில்லை. கொள்கையிலும் தொழிலிலும் கேள்வி கேட்டு, செய்த வேலையைப் பார்த்து, மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள். புதிய பொட்டலம் முதலில் 'நிலையற்றது' என்ற பிரிவுக்குப் போகும். அங்கே சில நாட்கள் பெரிய குறை எதுவும் கிளம்பாமல் இருந்தால் அடுத்த பிரிவுக்கு வரும். சுமார் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து 'நிலையானது' என்று வெளியாகும். வேகம் போதாது என்று சிரிப்பவர்கள் உண்டு. லேபில் பரீட்சை நடத்திப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வாசல் திறந்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மார்ச்சில் ஒரு பாடம் கிடைத்தது. இணையதளம் கட்டுவோர் பயன்படுத்தும் என்.பி.எம். என்ற வேறொரு பொட்டலக் கிடங்கில், பெயர்த் தகராறு ஒன்றில் கோபித்துக்கொண்ட ஒருவர் தன்னுடைய பொட்டலங்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று வெறும் 11 வரி. அதைச் சார்ந்திருந்த எத்தனையோ சாஃப்ட்வேர்கள் அன்றைக்கு உலகமெங்கும் நின்றுபோயின. எழுதியவருக்கும் பயன்படுத்துகிறவருக்கும் நடுவே, பொறுப்பாக ஒருவர் நிற்கவில்லை.

நடுவே ஒருவர் நின்றாலும் தவறு நடக்காது என்றில்லை. 2006இல் டெபியனில் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். பொட்டலத்தைக் கவனித்தவர், ஒரு பரிசோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று சில வரிகளை நீக்கினார். ரகசியச் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மை அந்த வரிகளோடு போய்விட்டது. எண்ணற்ற சாவிகள் பிறக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகையிலும் 32,768 மட்டுமே பிறந்துகொண்டிருந்தன. கிட்டத்தட்ட இரண்டு வருடங்கள் யாருக்கும் தெரியவில்லை. 2008 மே மாதம் டெபியனே உலகத்துக்கு அறிவித்தது. குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997லேயே தங்கள் சமூக ஒப்பந்தத்தில் எழுதிவைத்தவர்கள் அவர்கள்.

அந்த அறிவிப்பை நான் நான்கு நாள் தாமதமாகத்தான் படித்தேன். லீவில் ஊருக்கு வந்திருந்தேன். தவறு என்னுடையது, எச்சரிக்கைகளைத் தினமும் பார்க்க வேண்டியது என் வேலை. புனே திரும்பி ஒரே ராத்திரியில் எல்லாச் சாவிகளையும் மாற்றினோம். மறுநாள் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். அவர் ரிடையராக ஒரு மாதம்தான் இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "யாரைக் கேட்டாய்?" என்றார். "யாரையும் கேட்கவில்லை சார், அவர்களே சொல்லிவிட்டார்கள்" என்றேன். சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "காசு வாங்குகிற யாரும் எனக்கு இதுவரை அப்படித் தாமாகச் சொன்னதில்லை" என்றார். பாதி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வருடங்கள் ஓடின. லேப் 30லிருந்து 120 ஆயிற்று. என்னிடம் படித்த பையன் ஒருவன், நாசிக்காரன், டெபியனில் இரண்டு பொட்டலங்களைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தான். 2023 செப்டம்பரில் டெபியனின் வருடாந்திர மாநாடு கொச்சியில் நடந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. "வாங்க சார், உங்களால்தான் நான் இதுக்குள்ளே வந்தேன்" என்று அவன் இரண்டு முறை போன் செய்தான். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். லீவு இருந்தது. டிக்கெட்டைக்கூடப் பார்த்தேன். அங்கே போய் என்னை என்னவென்று அறிமுகப்படுத்திக்கொள்வது என்பதுதான் பிரச்சினை. 21 வருடங்களாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். ஒரு நாளும் எழுந்து ஒரு வாளி சாம்பார் எடுத்து வந்து பரிமாறியதில்லை. ஒரு குறையைக்கூட எழுதி அனுப்பியதில்லை. குறை தெரிந்தால் முணுமுணுத்துவிட்டு வேறு வழி பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருடம், 2024 மார்ச் 29. வெள்ளிக்கிழமை. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர் ஒரு விஷயத்தை உலகத்துக்கு அறிவித்தார். டெபியனின் நிலையற்ற பிரிவில் இயங்கிய தன் கம்ப்யூட்டருக்குள் தொலைவிலிருந்து நுழையும்போது, வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்திருக்கிறார். அரை விநாடிதானே என்று விட்டுவிடாமல் தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்.இஸட். என்ற சின்னஞ்சிறு சாஃப்ட்வேரில் போய் முடிந்தது. கோப்புகளை அமுக்கிச் சுருக்குவது அதன் வேலை. டெபியனின் பொட்டலங்களைக் கட்டுவதற்கே அதுதான் பயன்படுகிறது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வாசல் ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள்.

வைத்த விதம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எக்ஸ்.இஸட்.டைப் பல வருடங்களாகக் கவனித்துவந்தவர் ஃபின்லாந்தில் ஒரே ஒருவர். சம்பளம் கிடையாது. உடம்பும் மனசும் களைத்துப்போயிருந்தார். முகம் தெரியாத ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடங்களுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நல்ல பெயர் எடுத்தார். இதற்கிடையே வேறு சில புதிய பெயர்கள் கிளம்பி, ஏன் இவ்வளவு தாமதம், உம்மால் முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடும் என்று அந்தக் களைத்த மனிதரை நச்சரித்தன. அவர் சாவியைப் பங்கிட்டுக்கொண்டார். பிறகுதான் வாசல் முளைத்தது. நிலையான பிரிவுக்கு அது வந்து சேரும் முன்பே பிடித்துவிட்டார்கள். என் லேபுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பிரின்சிபால் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆயிரம் பேர் என்று நான் பெருமையடித்துக்கொண்டது மொத்தக் கணக்கு. ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் சீட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்த ஒருவர் களைத்துப்போனால், மற்ற 999 பேருக்கும் உடனே தெரியப்போவதில்லை. என்னைப் போலச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம். நச்சரித்தவர்கள் திருடர்களின் கூட்டாளிகளாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பேசிய தொனி எனக்குப் பழக்கமானது. இலவசமாகக் கிடைப்பது ஏன் இன்னும் வரவில்லை என்று நானும் லேபில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாசிக் பையனுக்குப் போன் செய்தேன். கொச்சி விஷயத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். "சார், டெபியனில் ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. நான் எப்படி உதவலாம் என்பதுதான் அதற்குப் பெயரே. போட்டுப் பாருங்கள்" என்றான். போட்டேன். என் கம்ப்யூட்டரில் இருக்கும் பொட்டலங்களில் எவையெவை கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன என்று அது பட்டியல் தந்தது. அப்படிப்பட்டவற்றுக்கு டெபியனில் அநாதை என்றே பெயர். பட்டியலின் நடுவில் எனக்குத் தெரிந்த ஒரு பெயர். ஒவ்வொரு செமஸ்டரும் மார்க் பட்டியலைக் கட்டம் போட்டு அச்சிட நான் பயன்படுத்தும் ஒரு சிறிய கருவி. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அது அநாதையாகி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மூன்று வருடங்களில் ஆறு முறை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

எனக்கு அப்போது வயது 53. பொட்டலம் கட்டக் கற்றுக்கொள்வது சுலபமாக இல்லை. நான் உறுப்பினர் அல்ல என்பதால், நான் கட்டியதை உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துத்தான் கிடங்குக்கு அனுப்ப முடியும். அப்படிப் பார்த்த மனிதர் எட்டு முறை திருப்பி அனுப்பினார். உரிமம் பற்றிய வரி தவறு, சீட்டில் ஒரு சார்பு விட்டுப்போயிற்று, விளக்கத்தில் எழுத்துப்பிழை. ஒரு முறைகூட எரிச்சல் காட்டவில்லை. ஒன்பதாவது முறை ஏற்றுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து லேபில் ஆப்ட்டிடம் அந்தப் பொட்டலத்தின் சீட்டைக் காட்டச் சொன்னேன். பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டேன்.

அந்தத் தீபாவளிக்கு இனிப்பு எடுத்துக்கொண்டு பழைய பிரின்சிபால் வீட்டுக்குப் போனேன். காது சற்று மந்தம். மற்றபடி அப்படியே இருந்தார். "சார், 2002இல் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கேட்பது என்று. இப்போது பதில் சொல்கிறேன். ஒரு பொட்டலத்துக்காவது, என்னைக் கேட்கலாம்" என்றேன். விவரம் முழுவதையும் சத்தமாக இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லது. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்றார்.

பதில் சொல்லத் தெரியாமல் காபியைக் குடித்துவிட்டு வந்தேன். லீவு முடிந்து கல்லூரி திறந்ததும், இரண்டாம் வருட மாணவி ஒருத்தியை லேபில் உட்காரவைத்துப் பொட்டலம் கட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கெட்டிக்காரப் பெண். அவள் கட்டிய முதல் பொட்டலத்தை மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன். எரிச்சல் காட்டவில்லை.